என் மனைவியின் தூக்கம்

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே, என் மனைவி எப்போது எழுந்திருக்கிறாள் என்பது வீட்டில் பேச்சாகிவிட்டது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன். மில்லில் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். பகல், அரைநைட், முழுநைட். முழுநைட் முடித்துக் காலையில் வீட்டுக்கு வந்தால், அம்மா வாசல் தெளித்து, பால் காய்ச்சி, இட்லி ஊற்றியும் முடித்திருப்பாள். உள் அறையில் இவள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. மிக்சி ஓடும், குக்கர் கத்தும், பக்கத்து வீட்டில் பைக்கை உறுமவிட்டுத் துடைப்பார்கள். அவள் அசையமாட்டாள். தோளைத் தொட்டு எழுப்பினால் கண் திறக்கும். ஆனால் ஆள் வந்து சேரக் கொஞ்ச நேரமாகும். நாக்குக் குழற, "மணி என்ன?" என்று கேட்பாள். சொன்னதும் முகம் வெளிறிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போவாள்.

"ஏலே, தண்ணி வருத அன்னைக்குக்கூட எந்திரிக்க மாட்டாளா அவ?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். எங்கள் தெருவில் சில நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் குழாயில் தண்ணீர் விடுவார்கள். அன்றைக்குத் தெருவே குடத்தோடு நிற்கும்.

"புது இடம்மா. அசதியா இருக்கும்."

"புள்ளத்தாச்சி மாதிரி கெடக்கா. மூணாம் நாளுல யாரும் புள்ளத்தாச்சி ஆனதா நான் கேள்விப்படல."

நானும் சிரித்தேன். முழுநைட் முடித்து நான் மத்தியானம்வரை தூங்கினால் வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைப்பார்கள், தெருவில் விளையாடும் பிள்ளைகளை அம்மா விரட்டுவாள். ஒரே அறையில், ஒரே பகலில், நாங்கள் இரண்டு பேரும் தூங்கினோம். என் தூக்கத்துக்குப் பெயர் உழைப்பு. அவள் தூக்கத்துக்கு வேறு பெயர் இருந்தது.

மறுவீட்டுக்கு அவள் ஊருக்குப் போயிருந்தோம். வ. புதுப்பட்டிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பும் வீடும். என் மாமனார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். விடியுமுன் எழுந்து, சவரம் செய்து, போர்வையை நாலு மூலையும் சேரும்படி மடித்து வைத்துவிட்டுத்தான் தோப்புக்குப் போவார். வேலைக்காரர்கள் அரை நிமிடம் பிந்தினாலும் திட்டுவார். அப்படிப்பட்ட மனிதர், வெயில் ஏறிய பிறகும் மகள் தூங்கும் அறைக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போகப் போனபோது எழுந்து என் கையைப் பிடித்தார்.

"அவ எந்திரிக்கட்டும் மாப்பிள்ளை. நாம செத்த நேரம் தோப்புப் பக்கம் போய்ட்டு வருவோம்."

ஒரே மகள், செல்லம் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவில் படுக்கப் போகுமுன் ஒரு மாத்திரை போடுவாள். என்னவென்று கேட்டதற்குத் தைராய்டு என்றாள். தனிக்குடித்தனம் போன அண்ணனின் மனைவி, எங்கள் மதினிக்கும் தைராய்டு உண்டு. மதினி காலையில் வெறும் வயிற்றில் போடுவாள், இவள் இரவில் போடுகிறாள். டாக்டருக்கு டாக்டர் மாறும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணமாகி ஏழெட்டு மாதம் இருக்கும். மதினியின் அப்பா, அம்மா வந்திருந்தார்கள். கூடத்தில் எல்லாரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவள் முகம் கழுவாமல் வெளியே வந்தாள். கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. அம்மா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஒங்க வீட்டுல தூங்கத்தான் பழக்கினாகளா?"

அவள் அப்படியே திரும்பினாள். உள்ளே போய்த் துணி துவைக்க ஆரம்பித்தாள். அழுதாளா என்று பார்த்தேன், அழவில்லை.

அதற்குப் பிறகு சில வாரங்களில் அவள் சீக்கிரம் எழ ஆரம்பித்தாள். முதலில் ஏழு மணி. பிறகு ஆறு. பிறகு அம்மாவுக்கு முன்னால். தண்ணீர் வரும் நாளில் அம்மா எழுந்து போய்ப் பார்த்தால், குடம், அண்டா, தொட்டி எல்லாம் நிறைந்திருக்கும். தலைக்குக் குளித்து, ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டுக்காரியிடம், "எம் மருமவ எந்திரிச்ச பொறவுதான் சேவலே கூவுது" என்று சொல்வாள்.

என்னிடமும் அவள் மாறினாள். அதுவரை ஒரு கேள்வி கேட்டால் பதில் எங்கோ தொலைவிலிருந்து வரும். இப்போது உடனே வந்தது. கேலி செய்தாள். அவள் படித்தது கணிதம். பஸ்ஸில் போகும்போது முன்னால் போகும் லாரியின் நம்பரைக் கூட்டி, பெருக்கி, ஏதாவது கணக்குச் சொல்லிச் சிரிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவில் அருவிக்குப் போனோம். பாறையில் கால் நனைய உட்கார்ந்து மாலைவரை பேசினாள். அந்த மாதம்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல மாதம். அது எதனால் வந்தது என்று தெரிந்த பிறகும் இன்றைக்குவரை அப்படித்தான் நினைக்கிறேன். அதற்குமேல் ஒரு கொடுமை எனக்குத் தெரியவில்லை.

அது எந்த நாளில் திரும்பியது என்று சொல்ல முடியாது. அவள் சீக்கிரம் எழுகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் படுப்பதே இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. தூக்கம் முழுதாகப் போன அந்த வாரம் எனக்கு முழுநைட். அம்மா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுப்பவள். இவள் கண்ணுக்குக் கீழே கருமை விழுந்தது. தனியாக நிற்கும்போது உதடு அசைந்தது. ஒருநாள் செம்பில் தண்ணீரை எடுத்து முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இதுல ஒரு வாடை வருது. ஒங்களுக்கு வரல?"

"குளோரின் போட்டிருப்பான்."

"இல்ல. தூங்க வைக்கதுக்குக் கலக்காக."

சிரித்துவிட்டு அந்தத் தண்ணீரைக் குடித்தேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் வேலை முடித்து வந்தபோது அண்டா, தொட்டி எல்லாம் காலி. அத்தனை தண்ணீரையும் சாக்கடையில் ஊற்றியிருந்தாள். அம்மா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

அன்று பகலில் நான் தூங்கும்போது முகத்தில் ஏதோ பட்டு விழித்தேன். அவள் என் தலைமாட்டில் உட்கார்ந்து, கையை என் மூக்குக்கு நேரே வைத்திருந்தாள்.

"என்ன?"

"மூச்சு வருதான்னு பாத்தேன்."

திரும்பிப் படுத்தேன். கண் செருகுவதற்குள் தோளை உலுக்கினாள். மறுபடியும் உலுக்கினாள். ஜன்னல் வழியாக நல்ல வெயில் அடித்தது. அவள் வியர்வையில் நனைந்திருந்தாள். கெஞ்சும் குரலில் சொன்னாள்.

"தூங்காதீங்க. தூங்குனா பொறவு எந்திரிக்க விடமாட்டாக."

"யாரு விடமாட்டா?"

"அதான் சொல்லுதாகளே." அவள் கண் மேலே, மின்விசிறிப் பக்கம் போனது.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பேய் பிடித்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். ஒருவரிடம் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மாமனாருக்குப் போன் செய்து, "சரியாத் தூங்க மாட்டேங்கிறா மாமா" என்றேன்.  "நாளைக்கு வாரேன்" என்று அவர் உடனே போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

வாரம் மாறி, அன்று எனக்குப் பகல் ஷிப்ட். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எதிர்வீட்டுக்காரியிடமிருந்து போன் வந்தது. நான் போய்ச் சேரும்போது தெருவில் கூட்டம். அம்மா வாசற்படிக்குக் கீழே தரையில் கிடந்தாள். ஒரு கால் அது இருக்கவேண்டிய பக்கம் இல்லை. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"முழிச்சிட்டாக. நான் இழுத்துட்டு வந்துட்டேன். நல்லவேளை முழிச்சிட்டாக."

அம்மா கூடத்தில் வாயைத் திறந்தபடி தூங்கியிருக்கிறாள். இவள் கூப்பிட்டிருக்கிறாள். காதில் பஞ்சு. எழவில்லை. தண்ணீரில் கலந்தது வேலை செய்துவிட்டது என்று நினைத்து, இரண்டு கையையும் பிடித்து வெளியே இழுத்திருக்கிறாள். படியில் அம்மாவின் உடம்பு புரண்டு இடுப்பு முறிந்துவிட்டது. அம்மா வலியில் கத்தக் கத்த, ஆள் உயிரோடு இருக்கிறாள் என்று இவளுக்கு நிம்மதி.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது மாமனார் வந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"இத எப்ப நிறுத்துனா?"

"தைராய்டு மாத்திரையா?"

அவர் தலையசைத்தார். தைராய்டு இல்லை.

"காலேஜ் ரெண்டாம் வருசம் மாப்பிள்ளை. ஹாஸ்டல்ல நாள் கணக்காத் தூங்காம இருந்திருக்கா. பொறவு சுவரோட பேச ஆரம்பிச்சிட்டா. மதுரைக்குக் கொண்டுபோனோம். மனச்சிதைவுன்னு சொன்னாக. மாத்திரை போட்டதும் எல்லாம் போயிருச்சு. படிப்ப முடிச்சா. இந்தத் தூக்கம் மட்டும்தான் மிச்சம். அம்புட்டுத்தான்னு நெனச்சிட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ல மாமா."

"சொல்லியிருந்தா கட்டிருப்பீகளா?"

 கட்டியிருக்க மாட்டேன். அவருக்கும் அது தெரியும். அந்த வயதிலும் நிமிர்ந்து நிற்பவர், அன்று சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அவளைக் கூட்டிப்போனோம். ஊசி போட்டார்கள். இரண்டு பகல் விடாமல் தூங்கினாள். அவள் தெளிந்து பேச ஆரம்பித்த பிறகு, என்னையும் உட்கார வைத்துக்கொண்டு மருத்துவர் பேசினார். பொறுமையான மனிதர்.

"இந்த நோயில தூக்கம் சின்ன விசயம் இல்ல. நிறைய பேருக்கு நோய் திரும்பி வரும்போது முதல்ல கெடுறது அதுதான். குரல் கேக்கிறது, சந்தேகம் வர்றது எல்லாம் அதுக்குப் பிறகுதான். மாத்திரையாலயும் தூக்கம் வரும். நோயாலயே தூங்குற நேரம், முழிக்கிற நேரம் புரண்டு போகும். எது எதனாலன்னு சில நேரம் எங்களுக்கே பிரிச்சுச் சொல்ல முடியாது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "மாத்திரைய ஏம்மா நிறுத்தினீங்க?"

"காலையில எந்திரிக்கணும்னு."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். 

வீட்டில் அண்ணன் ஒரே பிடியாக நின்றான். "ஏமாத்திக் கட்டுன கல்யாணம்லே இது. கொண்டுபோய் அவ அப்பன் வீட்டுல விட்டுட்டு வா. யாரும் ஒன்னக் குத்தம் சொல்ல மாட்டாக." அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்த அம்மா கத்தவில்லை, திட்டவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவ இருக்க வீட்டுல நான் கண்ண மூடமாட்டேன்."

 அம்மா அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்தேன். மனைவியை விடாததற்குப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. கேட்கிறவர்களிடம் ஏதாவது சொல்லிவைப்பேன். மருத்துவரிடம் அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை காதிலேயே கிடந்தது. அதைச் சொன்னவளை எங்கே கொண்டுபோய் விடுவது?

மில்லில் பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கினேன். அதனால் மேலே போகும் வாய்ப்பு போனது. காலையில் சோறு வடித்து, குழம்பு வைத்து, மூடிவைத்துவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறுவேன். அவள் எழுந்திருக்கப் பதினோரு மணியாகும். நாங்கள் குடிவந்த வாரத்திலேயே வீட்டுக்கார ஆச்சி கேட்டார். "ஒம் பொண்டாட்டிக்கு என்னய்யா, ஒடம்பு சரியில்லையா?" இந்தத் தடவை யாரும் எதையும் மறைக்கக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

"மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுதா ஆச்சி. அதான் தூக்கம்."

ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கதவப் பூட்டிட்டா போற?"

"இல்ல."

"அப்பச் சரி" என்று போய்விட்டார். அன்றிலிருந்து மாவாட்டும் இயந்திரத்தை மத்தியானத்துக்கு மேல்தான் ஓடவிட்டார்.

நான் மட்டும் கெட்டுப்போனேன். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் என் வாயில் வரும் முதல் வார்த்தை "தூங்குனியா?" என்பதுதான். எத்தனை மணிக்குப் படுத்தாய், இடையில் விழித்தாயா, கனவு வந்ததா. அவள் கொஞ்சம் கலகலப்பாகப் பேசினால் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்ப்பேன். அவள் சிரித்தால் கண்ணுக்குக் கீழே கருமை இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் கையிலிருந்த கரண்டியை விட்டெறிந்தாள்.

"வேற எதுவுமே கேக்கமாட்டீங்களா? சாப்பிட்டியான்னு கேளுங்க. இந்தச் சேலை நல்லாருக்குன்னு சொல்லுங்க. நான் என்ன, நீங்க ரீடிங் எடுக்க மீட்டரா?"

அதன்பிறகு என் நிம்மதிக்காகத் தூங்குவதுபோல நடிக்கத் தொடங்கினாள். எனக்கு வித்தியாசம் தெரியும். மாத்திரை தரும் தூக்கத்தில் தாடை தொங்கிப்போகும், மூச்சு கரகரக்கும், முகம் வேறு யாருடையதோ போல ஆகிவிடும். நடிக்கும்போது மட்டும் அழகாகத் தூங்குவாள்.

குழந்தையைப் பற்றி ஒரே ஒருமுறை பேசினோம். மருத்துவர், திட்டமிட்டுக் கவனமாக இருந்தால் பெற்றுக்கொள்ளலாம், மருந்தைப் பார்த்து மாற்றித் தருகிறேன் என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டே அவள் வேண்டாம் என்றாள்.

"புள்ள அழுதா எனக்குக் கேக்காது."

அடுத்த துணியை எடுத்தபடி, "கேட்டா, பொறவு எனக்குத் தூக்கம் போயிரும்" என்றாள்.

மடித்த துணிகளை அலமாரியில் வைத்தாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அம்மாவுக்கு இடுப்பு ஒழுங்காகக் கூடவில்லை. கைத்தடியில் நடந்தாள், பிறகு நடக்கவில்லை. பார்க்க வரவேண்டும் என்று இவள் பலமுறை சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். கட்டிலில் படுத்திருந்த அம்மா எங்கள் குரல் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். இவள் கால்மாட்டில் உட்கார்ந்து காத்திருந்தாள். பழம் உரித்துத் தட்டில் வைத்தாள். தொடவில்லை, கூப்பிடவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு எழுந்து வந்துவிட்டோம். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, "அத்தை தூங்கல. எனக்குத் தெரியாதா அது" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டி அம்மா இறந்துபோனாள். எடுப்பது மாலையில் என்று முடிவாயிற்று. காலை பத்து மணிக்கே இவளை எழுப்பிக் கூட்டிப்போனேன். பெண்கள் கூடத்தில் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். இவளும் போய் உட்கார்ந்தாள், அழுதாள். நான் பந்தல்காரரிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது, சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. அவ்வளவு ஒப்பாரிக்கு நடுவில் அவள் மூச்சுச் சத்தம் தனியாகக் கேட்டது. யாரோ ஒருத்தி சொன்னாள்.

"படுக்கையில தள்ளிட்டு எப்பிடித் தூங்குதா பாரு."

ஆண்கள் உட்காரும் இடம் வெளியில். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெண்களுக்கு நடுவே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தலை நழுவி என் தோளில் விழுந்தது. எழுப்பவில்லை. அண்ணன் வாசலில் நின்று பார்த்தான். பிறகு அவனாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொள்ளி வைக்கப் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் இவள் தலை கீழே விழாமல் பார்க்கவும் சரியாக இருந்தது. அழ நேரமில்லை.

அதற்குப் பிறகும் நோய் ஒருமுறை திரும்பி வந்தது. மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் போட்டுக்கொண்டிருந்தபோதே வந்தது. மருந்தை மாற்றினார்கள். இப்போது சாப்பிடும் மாத்திரைக்கு அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். குரல்கள் ஏறக்குறைய நின்றுவிட்டன. உடம்பு பெருத்துவிட்டது. தூக்கத்தில் வாயிலிருந்து நீர் வழிந்து தலையணை ஊறிவிடும். தலையணைமேல் துண்டு விரித்துப் படுக்கிறாள். காலையில் நான் கிளம்புமுன் அந்தத் துண்டை மட்டும் மெல்ல உருவிவிட்டு வேறு துண்டு வைப்பேன். ஈரத் துண்டை அலசிக் கொடியில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

ஆச்சியின் பேத்திக்கு ஒருநாள் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதைப் பார்த்து மற்ற பெண்பிள்ளைகளும் வந்தார்கள். தினமும் மாலை நாலு மணிக்கு மேல் நாலைந்து பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். அவளுக்கு நல்ல நேரம் அதுதான். அப்போது அவள் குரலில் பழைய வேகம் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். எனக்கு உடனே பயம் வரும். அடக்கிக்கொள்வேன்.

போன மாதம் மருத்துவர் சொன்னார், இத்தனை நாள் நிலையாக இருப்பதால் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம், காலையில் எட்டு மணிக்காவது எழ முடியும் என்று. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஆசைப்படுவாள் என்று நினைத்தேன்.

"வேண்டாம் சார்" என்றாள்.

"ஏம்மா? பயமா இருக்கா?"

"இருக்கட்டும் சார். இப்படியே தூங்குறேன்."

மருத்துவர் வற்புறுத்தவில்லை. அடுத்த முறை பேசுவோம் என்று அதே மருந்தை எழுதிக்கொடுத்தார். வெளியே வந்து ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். வெயில் கடுமையாக இருந்தது. பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று சொல்லி எனக்கு முன்னால் நடந்தாள்.